‘மேலுக்கு’ என்று நான் சொன்னது

காலை பத்து மணி வாக்கில் ராமாயி என் ஜன்னலுக்கு வந்தார். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. அதன் தலை தாயின் தோளில் சாய்ந்து கிடந்தது. நெஞ்சு முழுக்கச் சளி, கூடவே காய்ச்சல். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டையும், கழுவிக் கொண்டு வந்த இரண்டு பாட்டில்களையும் கம்பிகளுக்கிடையே நீட்டினார்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு லேடி டாக்டர் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: டாக்டர் எழுதிய மருந்தை அளந்து, கலந்து, பாட்டிலில் ஊற்றி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியனுப்புகிற ஆள்தான் கம்பவுண்டர். அளப்பதிலும் கலப்பதிலும் என்னைக் குறை சொல்ல முடியாது. சொல்லியனுப்புவதும் அந்த வேலையில் ஒரு பங்கு என்று மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு பாட்டிலில் சிவப்பு மிக்சர். இருமலுக்குக் குடிப்பது. மற்றொன்றில் பாலைப் போல வெள்ளையாக ஒரு தைலம். கற்பூரமும் டர்பன்டைனும் சேர்ந்தது, நெஞ்சில் தேய்ப்பது. வெள்ளைப் பாட்டிலில் ‘வெளி உபயோகத்திற்கு மட்டும்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

“செவப்பு உள்ளுக்கு, வெள்ள மேலுக்கு. மூணு வேளை. அடுத்த ஆளு.”

ராமாயி தலையாட்டினார். பாட்டில்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. பூந்தோட்டத்தில் வேலை.

தேங்காய் லாரி

நாலு மணிக்குத் தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டிரைவர் குதித்து இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார். ராமாயி குழந்தையோடு இறங்கினார். குழந்தைக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போய் வாங்கினேன். குழந்தையின் வாயருகே என் முகம் போனதும் டர்பன்டைன் வாடை அடித்தது. பெயிண்டு அடித்த புது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. அந்த வாடை வாயிலிருந்து வருகிறது என்று புரிந்த கணத்தில் “டாக்டர்!” என்று கத்தினேன்.

டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். “என்ன குடுத்தீங்க குழந்தைக்கு?”

“நீங்க குடுத்த மருந்தத்தான் தாயி. செவப்பு உள்ளுக்கு, வெள்ள மேலுக்குன்னு கம்பவுண்டரய்யா சொன்னாக. பிள்ளைக்கு மேலு நெருப்பாக் கொதிச்சுச்சு. அதான் வெள்ளைய ஒரு மொடக்குக் கூடவே குடுத்தேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

“நான் தெளிவாச் சொன்னேன் டாக்டர். சீட்டும் ஒட்டியிருக்கேன். அந்தம்மா தலைய ஆட்டுச்சு.”

“வயித்தைக் கழுவணும், ட்யூபை எடுத்துட்டு வாங்க,” என்றார் அவர்.

எங்கள் ஊர்ச் சொல்

எங்கள் பக்கத்தில் காய்ச்சலைக் காய்ச்சல் என்று சொல்பவர்கள் குறைவு. “மேலுக்கு முடியல” என்போம். “மேலு சுடுது” என்போம். மேல் என்றால் உடம்பு. மேலுக்கு மருந்து என்றால் உடம்புச் சூட்டுக்கு மருந்து. உள்ளுக்கு மருந்து என்றால் உள்ளே கட்டியிருக்கும் சளிக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாத ராமாயி கேட்டுக்கொண்டது இப்படி. இரண்டு பாட்டில், இரண்டு நோவு, கணக்கு சரியாக இருந்தது.

நான் வெளியூர்க்காரனாக இருந்தால் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது இதே திண்டுக்கல்லில். எனக்குத் தலைவலித்தால் நானும் வீட்டில் “மேலுக்கு முடியல” என்றுதான் படுப்பேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் வந்து நின்றதும் அந்தச் சொல்லுக்கு ஆஸ்பத்திரி அர்த்தம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் பொடி அரைக்கும் கல்வத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழனியிலிருந்து ஒரு வாசகர், ‘அந்தக் காலத்துக் கம்பவுண்டர்கள் எவ்வளவு கவனமானவர்கள்’ என்று பாராட்டிக் கடிதம் போட்டிருந்தார். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

குழந்தை பிழைத்தது. அன்று பொழுது சாய்வதற்குள் இழுப்பு நின்றது. மறுநாள் முழுக்கக் கண் திறக்காமல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரர் உரித்த ஆரஞ்சுப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு சுளை கொடுத்தார்.

அன்று மத்தியானம் ராமாயியிடம் போனேன். போவதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலைந்து தடவை நடந்திருப்பேன்.

“ஏம்மா, மேலுக்குன்னா தேய்க்கிறதுதாம்மா. வெளங்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கக் கூடாதா?”

ராமாயி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “வெளங்காம இல்லையே அய்யா. வெளங்குச்சுன்னுதான தலைய ஆட்டுனேன். சந்தேகம் இருந்தாத்தான கேக்க?”

அதுவரை என் மனதுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் புரியாமல் தலையாட்டினார், அதனால் தப்பில் பாதி அவருடையது என்று. அந்த வழக்கு அங்கேயே தள்ளுபடியாயிற்று. அன்றைக்கு நான் “வெளங்குச்சா?” என்று நின்று நிதானமாகக் கேட்டிருந்தாலும் அவர் “வெளங்குச்சு” என்றுதான் சொல்லியிருப்பார். பொய் சொல்லியிருக்க மாட்டார்.

“தப்பு என் மேலதாம்மா,” என்றேன்.

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “அப்பிடியெல்லாம் சத்தமாச் சொல்லாதீக. டாக்டரம்மா காதுல விழுந்தா ஒங்க வேலைக்குல்ல ஆபத்து.”

வாத்தியார் வேலை

அடுத்த வாரமே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். மருந்தைக் கொடுத்துவிட்டு, எப்படிச் சாப்பிடப் போகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வது. கேட்கச் சின்ன விஷயம். செய்து பார்த்தபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது.

வத்தலக்குண்டுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, கையில் குடை. வயிற்றுப் புண்ணுக்குப் பொடி மடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பொட்டலம், மூன்று வேளை என்று சொல்லிவிட்டு, “எங்க, நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்,” என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏலே, எனக்குப் பரீட்ச வைக்கிறியா? ஒன் வயசுல எனக்குப் பேரன் இருக்கான். பாடம் ஒப்பிக்கவா பஸ் ஏறி வந்தேன்?” குடையால் ஜன்னல் பலகையில் ஒரு தட்டு. பொட்டலங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா கூப்பிட்டு விட்டார். “என்ன சவரிமுத்து, வரிசை ரோட்டு வரைக்கும் போயிடுச்சு? பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு எல்லாரும் கத்தறாங்க.”

விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “நல்ல காரியம்தான். ஆனா யாரையும் தலைகுனிய வைக்கற மாதிரி பேசாதீங்க,” என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். சொல்லச் சொன்னதில் பிழையில்லை. ‘பாப்போம்’ என்றது பிழை. நான் பார்க்கிறவன், அவர் பார்க்கப்படுகிறவர் என்றாகிவிட்டது. தப்பு வந்தால் அவர் தலையில்தான் விழும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது.

மாற்றிக்கொண்டேன். “நான் வேகமாப் பேசுற ஆளுங்க. எதையாச்சும் விட்ருப்பேன். நீங்க எப்பிடிச் சாப்பிடுவீகன்னு ஒருக்காச் சொல்லிருங்க, நான் சரி பாத்துக்கிறேன்.”

இதில் யாருக்கும் கோபம் வரவில்லை. என்னைத் திருத்தும் வாய்ப்பு என்று சிலர் ஆசையாகவே சொன்னார்கள். “நீ வெந்நியிலயா பச்சத்தண்ணியிலயான்னு சொல்லல பாரு,” என்று ஒரு கிழவி பிடித்தும் விட்டார். உண்மைதான், நான் சொல்லவில்லை.

குடைப் பெரியவர் பத்து நாளில் திரும்ப வந்தார். வயிறு கேட்கவில்லை என்றார். நான் புதுப் பேச்சைப் பேசிப் பார்த்தேன். “போன தடவ நான் சரியாச் சொல்லல போலருக்குங்கய்யா. பொடிய எப்பிடிச் சாப்பிட்டீக?”

“சாப்பாட்டுக்கு முன்னாடிதான். நான் திங்கிறது ரெண்டு வேள. ரெண்டு பொட்டலம் சாப்பிட்டேன். தெனம் ஒண்ணு மிஞ்சுச்சு. அதுகள எடுத்து வச்சு ஞாயித்துக்கெழம மொத்தமா முடிச்சேன்.”

வேளை என்றால் மூன்று என்று நாங்கள்தான் வைத்திருந்தோம். காட்டு வேலைக்குப் போகிற வீடுகளில் காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சொல்லி அனுப்பினால், காய்ச்சலில் சோறு இறங்காத பிள்ளைக்கு மருந்தும் கிடையாது. ‘ஒரு ஸ்பூன்’ என்றால் ரசக் கரண்டி. இதையெல்லாம் எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக வந்தன. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள் எதற்கும் “சரிங்க” என்பார்கள். அந்தச் ‘சரிங்க’, ‘நீங்கள் பேசுவது காதில் விழுகிறது’ என்பதற்கான மரியாதை. சம்மதமும் புரிதலும் அதற்கு அப்பால் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

வீட்டில் ஒரு ‘ம்’

இந்தப் பெருமையோடு நான் திரிந்துகொண்டிருந்த காலத்தில்தான் இது நடந்தது.

என் மனைவி புஷ்பம் ஊருக்குள்ளேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு சனிக்கிழமை காலை, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஜன்னலுக்கு வார ஆளுகள்ட்ட அம்புட்டுப் பொறுமையாக் கேக்குறீகளாம். ஊரெல்லாம் பேச்சு. நான் திங்கக்கெழம ஒங்ககிட்ட என்ன சொன்னேன், சொல்லுங்க.”

யோசித்தேன். அரிசி? அவள் தங்கைக்கு வரன்? ஒன்றும் வரவில்லை.

“நத்தத்துல பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேணும்னு கேட்டாக, எனக்கு மாத்தல் போட்டா போகவா வேணாமான்னு கேட்டேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டே ‘ம்’னீக.”

“சரி, இப்ப என்ன?”

“என்ன இப்ப? நீங்க ‘ம்’னீகன்னு சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒண்ணாந் தேதி நத்தத்துல இருக்கணும்.”

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். அது ஐந்து நாள் தாமதம்.

“எனக்குச் சரியாக் காதுல விழலைன்னு ஒனக்குத் தெரியலையா?”

“தெரியும்,” என்றாள் புஷ்பம். “ரெண்டு வருசமாத் தெரியும்.”

இரண்டு ஆண்டுகள் அவள் தினமும் விடியற்காலை பஸ் பிடித்து நத்தம் போய் வந்தாள். மாம்பழக் காலத்தில் பையில் பழ வாசனையோடு திரும்புவாள். களைத்துப்போன முகத்தோடும் திரும்புவாள். முதல் மாதம் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு சாயந்திரம் அவள் வந்ததும் செத்த நேரம் பேப்பரை எடுக்காமல் உட்காரப் பழகினேன். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஹெட்மாஸ்டர் ஒன்னையத்தான் மூணாங் கிளாசையும் சேத்துப் பாக்கச் சொல்றாரு, அதானே?” என்று திருப்பிச் சொல்வேன். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நான் என்ன மருந்தா வாங்க வந்தேன்?” என்றாள். கொஞ்ச நாளில் சிரிப்பது நின்று, சொல்வது கூடியது. எங்கள் வீட்டில் நிஜமாகப் பேச்சு ஆரம்பித்தது அந்த நத்தம் பஸ்ஸுக்குப் பிறகுதான்.

புது அளவு

அறுபதுகளில் பழைய மருந்தளவுகள் போய், கிராம், மில்லி என்று புது அளவுகள் வந்தன. துளிக் கணக்கிலும் அவுன்ஸ் கணக்கிலும் பழகிய கைகளுக்கு அது பெரிய அவஸ்தை. சுவரில் ஒரு அட்டவணை மாட்டி, பார்த்துப் பார்த்துக் கலப்பேன். டாக்டரம்மாவும் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று வைத்திருந்தார்.

ஒரு மழைநாள் காலை. கூட்டம் அதிகம். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி. அப்பா தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சீட்டு என் கைக்கு வந்தது. வலியை அடக்கும் மருந்து ஒன்று. அளவாகக் கொடுத்தால் நல்ல மருந்து, கூடினால் விஷம். வேளைக்கு ஐந்து மில்லி என்று எழுதியிருந்தது.

பழைய முறையில் அந்த வயதுக்கு அவர் எழுதுவது ஐந்து துளி. ஐந்து என்ற எண்ணைக் கை பழக்கத்தில் எழுதிவிட்டது, பக்கத்தில் புது அளவு வந்து உட்கார்ந்துவிட்டது. பதினைந்து மடங்குக்கு மேல்.

சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதியபடி கலக்க முடியாது. சத்தமில்லாமல் நானே மாற்றிக் கலந்துவிடலாம். அந்தக் காலத்துக் கம்பவுண்டர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள், டாக்டருக்கும் சங்கடமில்லை. ஆனால் அப்படிச் செய்தால் கை தவறியது அவருக்குத் தெரியாமலே போகும். நான் லீவில் இருக்கிற நாளில் இன்னொருவர் இதே சீட்டை அப்படியே கலந்து கொடுப்பார்.

உள்ளே போய்ச் சொல்வது எளிதில்லை. பத்து வருஷத்தில் அந்த அறைக்குள் நான் அதிகம் பேசிய வார்த்தை “சரி டாக்டர்”. பிழை பொறுக்காதவர். அறையில் அப்போது ஐந்தாறு பேர், மருந்துக்குக் காத்திருந்த அந்தப் பையனின் அப்பா உட்பட. அவர்கள் முன்னால் ‘நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

போனேன்.

“டாக்டர், இந்தச் சீட்ட எனக்குச் சரியா வாசிக்க வரல. ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிருங்க. நான் தப்பாக் கலந்துறக் கூடாது.”

“கையெழுத்து நல்லாத்தானே இருக்கு?” எரிச்சலோடு வாங்கினார். இன்னொரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே வாசித்தார். மருந்தின் பெயரைச் சொன்னார். “வேளைக்கு அஞ்சு…”

நிறுத்தினார்.

நாடி பிடித்த கையை எடுத்தார். பேனாவை எடுத்து ஒரு கோடு அடித்து, மேலே வேறு எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். “இப்ப வாசிக்க வருதா?” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வருது டாக்டர்.”

மருந்தைக் கலந்து பையனின் அப்பாவிடம் கொடுத்தேன். எப்படிக் கொடுப்பார் என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜையில் அவருடைய காபி ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. உட்காரச் சொன்னார். அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“வாசிக்கத் தெரியாமத்தான் வந்தீங்களா?”

“இல்ல டாக்டர்.”

பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

“நேராவே சொல்லியிருக்கலாம்னு சொல்லத் தோணுது. ஆனா அத்தனை பேர் முன்னாடி நேராச் சொல்லியிருந்தா, நான் உங்க மேல கத்தியிருப்பேன். கத்திட்டு, எழுதினது சரிதான்னும் சொல்லியிருப்பேன்.” காபித் தம்ளரை ஓரமாக நகர்த்தினார். “நாளையிலேர்ந்து நான் எழுதற சீட்டை எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் கலக்குங்க.”

“எல்லாச் சீட்டுமா டாக்டர்? கூட்டம் நிக்குமே.”

“நிக்கட்டும்.”

மறுநாளிலிருந்து வாசித்தேன். இருவருக்கும் நடுவே இருந்த சுவரில் தச்சரை வைத்து ஒரு சின்னத் திறப்பு போட்டுக்கொண்டோம். நான் அதன் வழியாக வாசிப்பேன், அவர் “ம், சரி” என்பார். ஆஸ்பத்திரியை மூடும்வரை அது நடந்தது. அத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் அவர் “நில்லுங்க” என்றார். ஒரு தடவை அவர் தவறாக எழுதியிருந்தார். இன்னொரு தடவை சரியாக எழுதியதை நான் தவறாக வாசித்தேன்.